அடுக்குப் பண்ணையின் வரவும் செலவும்: பாகலூர், பென்னாகரம் அனுபவங்கள்

பாகலூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஓசூரை அடுத்த பாகலூரில் 400 சதுர அடி அறையை வாடகைக்குப் பிடித்து, ஐந்தடுக்கு இரும்புச் சட்டங்களில் எல்.இ.டி. விளக்குகளைக் கட்டி, பதினான்கு மாதங்கள் மண்ணில்லாமல் உரக்கரைசலில் லெட்யூஸ் என்னும் சாலட் கீரையை வளர்த்தேன். பிறகு மூடிவிட்டேன். இத்தொழிலில் இறங்க எண்ணி என்னிடம் வருபவர்கள் முதலில் விளைச்சலைத்தான் கேட்கிறார்கள். விளைச்சலில் எனக்குக் குறை இல்லை. விதைத்த ஐந்தாம் வாரம் அறுவடைக்கு வந்தது. பூச்சிமருந்து ஒரு சொட்டும் தெளிக்கவில்லை. தொடக்கத்தில் இலைநுனி கருகியதுகூட, அடுக்குகளுக்கிடையே சிறு விசிறிகளை வைத்துக் காற்றோட்டம் தந்தபின் நின்றுவிட்டது. என்னை மூட வைத்தது மின் கட்டணம்.

அடுக்குகளின் மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் எரிந்த விளக்குகளுக்கு 85 யூனிட், அவற்றின் சூட்டை வெளியேற்றிய ஏ.சி.க்கு 30 யூனிட், ஆக 115 யூனிட் செலவானது. மாதத்துக்கு 3,450 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 31,050 ரூபாய். நல்ல மாதத்தில் நான் அறுத்தது 230 கிலோ. ஒரு கிலோ கீரைக்கு மின்சாரம் மட்டும் 135 ரூபாய் ஆயிற்று. விதை, உரக்கரைசல், வாடகை, இரண்டு பெண்களின் கூலி, வங்கித் தவணை ஆகியவை இதற்கு மேல். உழவர்களுக்கான இலவச மின்சாரம் கிணற்று மோட்டாருக்கு உரியது. வாடகை அறையில் எரியும் விளக்குக்கு எனக்குக் கிடைத்தது வணிக இணைப்புத்தான்.

பெங்களூரு இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது என்பதால், உயர்தர ஓட்டல்கள் நல்ல விலை தரும் என்று நம்பியிருந்தேன். அங்கே கொள்முதலைக் கவனித்த ஒருவர் என் கீரையைக் கையில் எடுத்துப் பார்த்து, மென்று பார்த்து, மனமாரப் பாராட்டினார். பின்னர், நீலகிரியிலிருந்து வரும் கீரையின் விலைக்கு மேல் தம்மால் தர இயலாது என்றும், எந்தக் கீரையாக இருந்தாலும் சமையற்கூடத்தில் நறுக்கித்தான் போடுவார்கள் என்றும் பணிவாகச் சொன்னார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. வாங்குபவருடைய கணக்கை நான் முதலிலேயே கேட்டறிந்திருக்க வேண்டும்.

சூரியத் தகடு போட்டுக்கொள்ளலாமே என்று பலர் கேட்டார்கள். ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி தேவை. என்னுடைய 115 யூனிட்டுக்கு 29 கிலோவாட், அதாவது 2,900 சதுர அடி. அதே 2,900 சதுர அடியில் பசுமைக்குடில் போட்டு வெயிலிலேயே வளர்த்தால், எனக்கு 270 சதுர மீட்டர் கிடைக்கும். அடுக்குகளில் இருந்ததோ 60. அடுக்குப் பண்ணையால் நிலம் மிச்சமாகிறது என்று பலர் சொல்லும் வாதம் இந்த இடத்தில் எனக்கு முற்றிலும் உடைந்துபோனது. ஓசூர், தளிப் பகுதியின் மிதமான தட்பவெப்பத்தை நம்பித்தான் இங்கே இத்தனை ரோஜாக் குடில்கள் எழுந்துள்ளன. இலவசமாக விழும் அந்த வெயிலைக் கதவை அடைத்து வெளியே நிறுத்திவிட்டு, அதையே நான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

பெருமுதலீடு இருந்தால் நிலைமை மாறிவிடும் என்றும் தோன்றவில்லை. அமெரிக்காவில் பெரிய அடுக்குப் பண்ணை நிறுவனங்களான ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனிலும், பிளென்ட்டி 2025 மார்ச்சிலும் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றன. அதே துறையின் பவுரி நிறுவனம் 2024 நவம்பரில் தொழிலையே நிறுத்தியது.

பென்னாகரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா, தங்கள் கணக்கை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தண்ணீரைப் பற்றி நான் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். மண்ணில்லா விவசாயத்தில் தண்ணீர் பெருமளவு மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரை அளந்தபோது, உரம் எதுவும் கலக்கும் முன்பே ஈ.சி. (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 1.5 காட்டியது, லெட்யூஸுக்கு உரம் கலந்த கரைசலே 1.2 முதல் 1.8 வரைதான் இருக்க வேண்டும். உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. கருவி வைத்தால் பாதித் தண்ணீர் உப்புக் கழிவாக வெளியே போகிறது. ஆகவே நாங்களும் இப்படிக் கீரை வளர்க்கும் எண்ணத்தைக் கைவிட்டோம்.

ஆனால் அடுக்கு என்பது நம் பகுதிக்குப் புதியதன்று. எங்கள் பட்டுப்புழு வளர்ப்பு மனையில் பல ஆண்டுகளாகத் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்துத்தான் புழு வளர்க்கிறோம். மல்பெரித் தழை தோட்டத்து வெயிலில் விளைந்து வருகிறது. மனைக்குள் விளக்குச் செலவு என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. அருகில் என் தங்கை சிப்பிக் காளான் வளர்க்கிறாள். வைக்கோல் படுக்கைகளை உறி போலத் தொங்கவிட்டிருப்பதால் சிறிய கொட்டகையிலேயே நிறைய அடங்குகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் விளைச்சல் படுத்துவிடும். பறித்த காளானை ஓரிரு நாளுக்குள் விற்றாக வேண்டும். இவ்விரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்கியதால் அவளுக்குக் கடன் சேரவில்லை.

பாகலூர் உறுப்பினர்:

நன்றி, தம்பி. காளானுக்கு வெளிச்சம் மிகக் குறைவாகவே தேவை என்பதை அறிந்திருந்தும், என் அறையை அந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்க்கவில்லை. விளக்குகளைக் கழற்றி விற்றுவிட்டேன். இரும்புச் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளி இருக்கிறது. தங்கையின் கொட்டகையில் ஒரு படுக்கைக்கு எவ்வளவு உயரம் தேவைப்படுகிறது என்று அளந்து சொல்ல இயலுமா? அடுத்த வாரம் பென்னாகரம் வரும்போது என் பதினான்கு மாத மின் கட்டண ரசீதுகளையும் எடுத்து வருகிறேன்.