வேர்டு மேக்ரோவில் தேடி ஏமாந்த கதைகள்: உங்களுடையதையும் போடுங்க

குமாஸ்தா_திருச்சி:

நானே ஆரம்பித்து வைக்கிறேன். ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிங், டிராஃப்டிங் என் வேலை. போன மாசம் சார் கூப்பிட்டு, "கொள்ளிடக் கரை நிலம் சம்பந்தமா நாம போட்ட பழைய டிராஃப்ட் எல்லாத்தையும் எடுத்து வைப்பா" என்றார். கம்ப்யூட்டரில் 3,800 சொச்சம் வேர்டு ஃபைல். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் தீபாவளி போய்ப் பொங்கல் வந்துவிடும்.

கைவசம் ஒரு மேக்ரோ, அதாவது வேர்டுக்குள்ளேயே ஓடும் சின்ன புரோகிராம், இருந்தது. பல வருஷத்துக்கு முன் ஆபீஸுக்கு வந்துபோன ஒரு பையன் எழுதிக் கொடுத்தது. ஃபோல்டரையும் வார்த்தையையும் சொன்னால் எந்தெந்த ஃபைலில் இருக்கிறது என்று வரிசையாக எழுதிவிடும். நம்பி ஓடவிட்டேன். எரர் 5111, இந்தக் கட்டளை இந்த பிளாட்ஃபார்மில் கிடையாதாம். உள்ளே பார்த்தால் ஃபைல் தேடித் தரும் அப்ளிகேஷன்.ஃபைல்செர்ச் என்ற பழைய கட்டளை. ஆபீஸ் 2007 வந்தபோதே மைக்ரோசாஃப்ட் அதைத் தூக்கிவிட்டது. நாங்கள் 2003-ஐ வைத்து வண்டி ஓட்டிவிட்டு நேராக 2016-க்குத் தாவியவர்கள், அதனால் அந்தச் செய்தி எங்களுக்கு வந்து சேரவே இல்லை.

சரி, ஃபைல் எடுக்கும் பகுதியை டிர் என்ற கட்டளை வைத்து மாற்றினேன். இங்கிலீஷ் பெயர் வைத்த ஃபைல் எல்லாம் வந்தது. "கிரயப்பத்திரம்", "பாகப்பிரிவினை" என்று தமிழில் பெயர் வைத்ததெல்லாம் வெறும் கேள்விக்குறியாக வந்து, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று நின்றது. டிர்ருக்கு யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் முறை, தெரியாது. அது தெரிந்த ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்டுக்கு மாறினேன், தமிழ்ப் பெயர் சரியாக வந்தது. கூடவே இதுவரை கண்ணில் படாத விருந்தாளிகளும் வந்தார்கள். அலைக்குறி, டாலர் குறி போட்டு ஆரம்பிக்கும் 162 பைட் ஃபைல்கள். யாராவது ஒரு ஆவணத்தைத் திறந்து வைத்திருந்தால் வேர்டு பக்கத்திலேயே போட்டுவைக்கும் பூட்டுச் சீட்டு அது. ஒளித்து வைத்த ஃபைல் என்பதால் டிர் காட்டாமல் விட்டிருந்தது, இது காட்டிவிட்டது. அந்தப் பெயரில் ஆரம்பித்தால் தாண்டிப் போ என்று ஒரு வரி சேர்த்தேன்.

அடுத்து தேடும் சொல். மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டரில் "கொள்ளிடம்" என்று ஒட்டினால் ஒன்பது கேள்விக்குறி. சொல்லைக் கேட்டு வாங்கும் இன்புட்பாக்ஸிலும் அதே கதி. விண்டோஸில் லொகேலை, அதாவது மொழி அமைப்பை, தமிழுக்கு மாற்றினால் சரியாகும் என்று ஒருவர் சொல்லி மாற்றினேன், ஆகவில்லை. மொழிக்கு ஓர் எழுத்து அட்டவணை என்ற பழைய கோடுபேஜ் முறையில் தமிழுக்கென்று விண்டோஸில் இடமே ஒதுக்கவில்லை, யூனிகோடு மட்டும்தான். கடைசியில் மேக்ரோ இருக்கும் ஆவணத்திலேயே ஒரு டேபிள் போட்டு, கட்டத்தில் சொல்லைத் தமிழிலேயே டைப் செய்து, அங்கிருந்து எடுக்கச் சொன்னேன்.

ஓடியது. நாற்பது நிமிஷம். விடை: பூஜ்யம்.

கொள்ளிடம் பெயர் வராத ஒரு வாரம்கூட எங்கள் ஆபீஸில் கிடையாது. பூஜ்யம் எப்படி வரும்? கட்டத்திலிருந்து எடுத்த சொல்லின் நீளத்தை அச்சடித்துப் பார்த்தேன். க, ொ, ள, ், ள, ி, ட, ம, ் என்று எண்ணினால் ஒன்பது. அது சொன்னது பதினொன்று. வேர்டில் டேபிள் கட்டத்தின் கடைசியில் 13, 7 என்று இரண்டு கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டிக்கொண்டே வரும். அந்த இரண்டோடு சேர்த்து 3,800 ஃபைலிலும் தேடியிருக்கிறது பாவம். கடைசி இரண்டையும் வெட்டியதும் 14 ஃபைல் வந்தது.

பட்டியலை சார் மேசையில் வைத்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தவர், "2011-ல ஒரு பாகப்பிரிவினை போட்டோமே, அது எங்கப்பா?" என்றார். அந்த ஃபைலைத் திறந்தால் முதல் பத்தியிலேயே கொள்ளிடம். பளிச்சென்று. ஆனால் மேக்ரோ இல்லை என்கிறது. அந்தச் சொல்லை மட்டும் எடுத்து ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் அச்சடித்தேன். டேபிளில் நான் அடித்த சொல்: 2965, 3018, 2995... ஃபைலில் இருந்தது: 2965, 3014, 3006, 2995... அதாவது நான் அடித்த "கொ"வில் ொ ஒரே குறி. ஃபைலில் இருந்த "கொ"வில் ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் ஒரே மாதிரி, பிரிண்டிலும் அப்படியே. என் மேக்ரோ இன்ஸ்டர் என்ற தேடும் கட்டளை வைத்து எண்ணை எண்ணோடுதான் ஒப்பிடுகிறது, அதற்கு இரண்டும் வெவ்வேறு ஊர். எந்தக் கீபோர்டு சாஃப்ட்வேரோ, எந்தக் கன்வர்ட்டரோ அப்படிப் பிரித்துப் போட்டிருக்கிறது.

ஒப்பிடுவதற்கு முன் 3014-உம் 3006-உம் சேர்ந்து வந்தால் 3018, 3015-உம் 3006-உம் சேர்ந்து வந்தால் 3019 என்று மாற்றச் சொன்னேன். 14 என்றது 37 ஆனது.

ஆனால் 2009-க்கு முந்தைய ஃபைல் ஒன்றுகூட அந்த 37-இல் இல்லை. அது பழைய எழுத்துருக் காலம். அங்கே நிற்கிறேன். யாராவது கடந்து வந்திருந்தால் சொல்லுங்க.

யாழ்_தட்டெழுத்து:

அண்ணை, நான் ஒரு கடற்றொழில் சங்கத்தில தட்டெழுத்து வேலை செய்தனான். எங்கட பழைய அறிக்கை முழுக்கப் பாமினி எண்ட பழைய எழுத்துரு. பாமினியில தமிழ் எண்டு ஒண்டும் கோப்புக்குள்ள இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்து. எழுத்துருதான் அதுக்குத் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டுது. அதால நீங்கள் யூனிகோட்டில தேடினால் ஏழேழு பிறவிக்கும் கிடைக்காது. தேடுற சொல்லையும் பாமினி விசையாக மாத்திக் குடுக்கவேணும்.

நான் தேடினது "கடல்". பாமினியில அது எஃப், எல், வை, பிறகு ஒரு அரைப்புள்ளி. ஆங்கிலத்தில வாசிச்சால் "ஃப்ளை". பக்கம் முழுக்க வேர்டு சிவப்புக் கோடு போட்டுத் தள்ளும், கடலுக்கு மட்டும் கோடு வராது, நல்ல ஆங்கிலம் எண்டு நினைக்குது போல.

தேடவிட்டன். நூற்றுக்கணக்கில வந்துது. திறந்து பார்த்தால் பாதி "குடல் நீக்கிய மீன்". பாமினியில சின்ன எஃப் எண்டால் "க", பெரிய எஃப் எண்டால் "கு". சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் பாக்கிற மேட்ச்கேஸ் ஃபால்ஸ் எண்டு இருந்ததால மேக்ரோவுக்குக் கடலும் குடலும் ஒண்டு. அதை ட்ரூ ஆக்கினன். குடல் போயிட்டுது. ஆனால் கடலிலயும் கொஞ்சம் காணாமல் போயிட்டுது!

ஏனெண்டு சொல்லட்டோ? வசனத்தின்ர முதல் எழுத்தை வேர்டு தானாகப் பெரிய எழுத்தாக்கும் எல்லோ. அந்த வசதியை நிப்பாட்டாமல் ஆரோ அடிச்சிருக்கினம். அதால "கடல்" எண்டு துவங்கின வசனமெல்லாம் "குடல்" எண்டு மாறிக் கிடக்குது. ஒரு மாத அறிக்கையில "குடல் கொந்தளிப்பாக இருந்தபடியால் படகுகள் செல்லவில்லை" எண்டு இருந்தது. அதை அச்செடுத்துக் கையெழுத்தும் வைச்சு அனுப்பியிருக்கினம். வாசிச்ச ஆக்களும் ஒண்டும் கேக்கேல்லை.

ரெண்டு விசயம். முழுக் கோப்பையும் ஒரேயடியாக யூனிகோட்டுக்கு மாத்தாதேங்கோ. நடுவில ஆங்கிலப் பெயர், முகவரி இருந்தால் அதுவும் தமிழ்க் குப்பையாப் போகும். எழுத்துருவின்ர பெயர் பாமினி எண்டு இருக்கிற துண்டுகளை மட்டும் ஃபைண்ட் மூலமா எடுத்து மாத்துங்கோ. மற்றது, வைல்ட்கார்ட் (சில குறிகளுக்குத் தனி அர்த்தம் குடுக்கிற தேடல்) போட்டுப் பாமினி எழுத்தைத் தேடாதேங்கோ. "ஜ"வுக்குப் பாமினியில சதுர அடைப்புக்குறி, வைல்ட்கார்டில அதுக்கு வேற அர்த்தம். "ராஜா" எண்டு தேடப் போய் எனக்கு எரர் 5560 தான் வந்தது.

விபிஏ_அரைகுறை:

குடல் கொந்தளிப்பு! வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. எதைத் தேடினாலும் எல்லா ஃபைலிலும் இருக்கிறது என்றது. குமாஸ்தா அண்ணன் சொன்ன அதே கேள்விக்குறிதான், ஆனால் நான் மேட்ச்வைல்ட்கார்ட்ஸை ட்ரூ என்று வைத்திருந்தேன். வைல்ட்கார்டில் ஒரு கேள்விக்குறி என்றால் ஏதோ ஓர் எழுத்து. ஆறு கேள்விக்குறி, ஏதோ ஆறு எழுத்து. எந்த ஆவணத்தில்தான் ஆறு எழுத்து இருக்காது?

அது சிரிப்போடு போனது. அடுத்தது போகவில்லை. மேக்ரோ நடுவில் நிற்கக் கூடாது என்று தலையில் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் (எரர் வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ) போட்டிருந்தேன், இணையத்தில் பார்த்த எல்லாரும் போடுகிறார்களே என்று. ஒரு பெயர் வரும் கடிதங்களைத் தேடி மேலதிகாரிக்குப் பட்டியல் கொடுத்தாகிவிட்டது. அவர் அதில் ஒன்றைத் திறக்கச் சொன்னார். திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. பாஸ்வேர்டு போட்ட ஃபைலுக்குள் உன் மேக்ரோ எப்படிப் படித்தது என்றார். முழித்தேன்.

படிக்கவே இல்லை. பாஸ்வேர்டு பெட்டி வந்து நிற்காமலிருக்க ஃபைலைத் திறக்கும் ஓபன் கட்டளையில் சும்மா ஒரு பொய்ப் பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன். அது நல்ல வழிதான். பூட்டு இல்லாத ஃபைல் அதைக் கண்டுகொள்ளாது, பூட்டியது எரர் 5408 கொடுக்கும். ஆனால் என் முதல் வரி அந்த எரரை விழுங்கிவிட்டது. ஃபைல் திறக்கவில்லை, தேடலும் நடக்கவில்லை. "கிடைத்தது" என்ற வேரியபிளில் முந்தைய ஃபைலின் ட்ரூ அப்படியே உட்கார்ந்திருந்தது. அதையே இந்தப் பெயருக்கு எதிரே எழுதிவிட்டது. முந்தைய ஃபைலில் இல்லையென்றால் இதிலும் "இல்லை". இரண்டுமே பொய்.

இப்போது அந்த வரியை ஓபனுக்கு முன்னால் ஒரு தடவை போட்டு, அடுத்த வரியிலேயே எரர் எண்ணைப் பார்த்து எழுதிவைத்துவிட்டு, ஆன் எரர் கோ டு ஜீரோ போட்டு அணைத்துவிடுகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் வேரியபிளை ஃபால்ஸ் ஆக்கி, திறந்த ஃபைலைக் குறிக்கும் டாக்கை நத்திங் (காலி) ஆக்கிவிட்டுத்தான் அடுத்த ஃபைல்.

தலைப்புப்பகுதி_அக்கா:

தம்பிகளா, சின்னதா ஒன்று. எங்கள் கடிதங்களில் கடிதத்தை அடையாளம் காட்டும் ந.க. எண் இருப்பது ஹெட்டரில், சிலதில் டெக்ஸ்ட் பாக்ஸில். டாக்.கன்டென்ட் வைத்துத் தேடினால் நடு உடம்பு மட்டும்தான் பார்க்கும். உடம்பு, ஹெட்டர், டெக்ஸ்ட் பாக்ஸ் என்று பிரித்துத் தரும் ஸ்டோரிரேஞ்சஸை ஒவ்வொன்றாகச் சுற்றணும். அதிலும் ஒரு சுற்று சுற்றினால் முதல் செக்ஷனின் ஹெட்டர்தான் வரும், இரண்டாவது செக்ஷனுக்கு நெக்ஸ்ட்ஸ்டோரிரேஞ்ச் பிடித்துப் போகணும். இது தெரியாமல் அரை வருஷம் "அப்படி ஒரு கடிதமே போகலை சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போயிருக்கிறது.

குமாஸ்தா_திருச்சி:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களிடம் பாமினி கொஞ்சம்தான், வானவில் என்ற எழுத்துரு அதிகம், அதன் விசை வேறு. யாழ் நண்பர் சொன்னபடி எழுத்துருப் பெயர் பார்த்துத் துண்டு துண்டாக மாற்றித் தேடினேன், பழைய ஃபைலில் 22 வந்தது. அக்கா சொன்ன ஹெட்டர் வழியில் இன்னும் 3. அதில் ஒன்றில் கட்சிக்காரர் விலாசம் மட்டும் டெக்ஸ்ட் பாக்ஸில் இருந்தது.

அரைகுறை தம்பி கதையைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது, என் மேக்ரோவின் தலையிலும் அதே வரி. எடுத்துவிட்டேன். இப்போது பட்டியலில் மூன்று பத்தி: இருக்கு, இல்லை, திறக்கவே முடியவில்லை. மூன்றாவது பத்தியில் 61 ஃபைல். சார் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு அந்த 61 மேல் விரலை வைத்து, "இதை நீயே பாத்துடு" என்றார்.

நாற்பது முடித்திருக்கிறேன். பன்னிரண்டு கெட்டுப்போனது, ஐந்து பழைய பாஸ்வேர்டு, சாருக்கே ஞாபகமில்லை. மிச்சம் நாளைக்கு.