புதுப்பிப்பு: முழங்கால் தேய்மானமும் செமாகுளுடைட் ஊசியும்

எடை குறைக்கும் செமாகுளுடைட் ஊசி முழங்கால் வலிக்கு உதவுமா என்ற முந்தைய இழையின் தொடர்ச்சி இது. அதைச் சோதித்த ஸ்டெப் 9 என்ற ஆய்வின் முடிவு 2024 அக்டோபரில் வந்துவிட்டது. உடல் பருமனோடு மூட்டுத் தேய்மானமும் உள்ள 407 பேர், 68 வாரம், வாரம் ஒரு ஊசி. 0.25 மி.கி.யில் தொடங்கி 16 வாரத்தில் 2.4 மி.கி. வரை ஏற்றினார்கள்.

100 புள்ளி வலி அளவுகோலில் மருந்துக் குழுவுக்கு 41.7 குறைந்தது. அதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களுக்கே 27.5 குறைந்திருக்கிறது! இரு தரப்புக்கும் உணவு, உடலுழைப்பு ஆலோசனையும் உண்டு. ஆக, மருந்தின் பங்கு சுமார் 14 புள்ளி; என் கணிப்பில் அதுவே நல்ல பலன்தான். மருந்துக் குழுவின் எடை 13.7% குறைந்தது, போலி ஊசியில் 3.2%. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் "வலி பாதியானது" என்று வரும் முழங்கால் விளம்பரங்களை இந்த 27.5-ஐ வைத்தே எடைபோடுங்கள்.