டைரஸ் வோங்கின் காட்டை நேரில் பார்த்த நாள்

அனிமேஷன் படங்களுக்காக வரையப்பட்ட கான்செப்ட் ஆர்ட் ஓவியங்களை, அதாவது படம் எப்படித் தோன்ற வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து காட்டும் ஓவியங்களை, நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு பிற்பகலுக்குப் பிறகு நான் தூரிகை பிடிக்கும் விதமே மாறிவிட்டது.

2013 டிசம்பர். சான் பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோ பகுதியில் உள்ள வால்ட் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகத்தில் சீன-அமெரிக்க ஓவியர் டைரஸ் வோங்கின் ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. 1942இல் வெளிவந்த, ஒரு மான்குட்டியின் கதையைச் சொல்லும் டிஸ்னியின் ‘பாம்பி’ படத்தின் காடு எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து காட்டியவர் அவர். நான் போனபோது அவருக்கு வயது 103.

முன்கதை ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் நான் பின்னணி ஓவியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு காட்டுக் காட்சிக்குப் பத்து நாள் உட்கார்ந்து இலை இலையாக வரைந்தேன். நரம்பு ஓடிய இலைகள், வெடிப்பு விட்ட மரப்பட்டை, பாசி, காளான் என்று ஒன்றையும் விடவில்லை. மேலதிகாரி பார்த்தார். “எல்லாம் அழகாக இருக்கிறதம்மா, யானைக்குட்டியை எங்கே நிறுத்துவது?” என்றார். அன்றிரவு அழுதேன். அவர் சொன்னது சரி என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அதே சிக்கலில்தான் ‘பாம்பி’ குழுவும் மாட்டிக்கொண்டிருந்தது. மான்களின் எலும்பும் தசையும் அசைவும் தெரிய வேண்டும் என்று உயிருள்ள மான்குட்டிகளையே ஸ்டுடியோவுக்கு வரவழைத்து வரைந்தவர்கள் அவர்கள். மேய்ன் மாநிலக் காடுகளைப் புகைப்படமாக எடுத்துவரவும் ஆள் அனுப்பினார்கள். ஆனால் அவ்வளவு நுணுக்கமாக வரைந்த காட்டுக்குள் மான்கள் தொலைந்துபோயின. வோங் 1938இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். ஓர் அசைவின் தொடக்கப் படத்துக்கும் முடிவுப் படத்துக்கும் நடுவே வரும் படங்களை நாளெல்லாம் வரைந்து நிரப்பும் கடைநிலை வேலை. மான் கதை ஒன்று படமாகிறது என்று தெரிந்ததும், யாரும் கேட்காமலே சின்னச் சின்னக் காட்டு ஓவியங்களை வரைந்து கலை இயக்குநரிடம் கொண்டுபோய்க் காட்டினார். படத்தின் முகமே மாறிப்போனது.

அந்த ஓவியங்களின் முன்னால்தான் நின்றேன். முதலில் திகைக்க வைத்தது அளவு. இவ்வளவு சிறியதா! பேஸ்டல் என்ற வண்ணக்குச்சியால் வரைந்த ஓர் ஓவியத்தை மட்டும் கால் மணி நேரம் பார்த்திருப்பேன். மரங்கள் என்று நாம் நம்புபவை மேலிருந்து கீழே இழுத்த வெளிறிய தீற்றல்கள். வேருக்கு வரும் இடத்தில் பனிமூட்டம் அவற்றை அழித்துவிடுகிறது. இலை என்று சொல்ல ஓர் இலைகூட இல்லை. நடுவில் கொஞ்சம் வெளிச்சம், அதற்குள் விரல்நகம் அளவுக்கு ஒரு மான். கண் நேராக அதனிடம்தான் போகிறது, வேறெங்கும் போக முடியாது. சோங் அரசமரபுக் காலத்துச் சீன நிலக்காட்சி ஓவியங்களில் மலையையும் ஆற்றையும் வரைந்துவிட்டு, பாதித் தாளை வெறுமையாக விட்டிருப்பார்கள். அந்த வெறுமைதான் மேகம், அதுதான் தூரம். வோங் அந்த மரபை அப்படியே அமெரிக்கக் காட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். என் யானைக்குட்டிக்கு இடமில்லாமல் போனது ஏன் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

சிறுவயதில் வோங்குக்கு அவருடைய அப்பா தினமும் எழுத்தோவியம் பழக்கினாராம். மையும் நல்ல தாளும் வாங்கக் காசில்லை. தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துப் பழைய செய்தித்தாளில் எழுதச் சொல்வார். ஈரம் காய்வதற்குள் கோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்துவிட்டால் எழுதியது எதுவும் மிஞ்சாது. இதைப் படித்துவிட்டு அந்தப் பேஸ்டலிடம் மறுபடியும் திரும்பிப் போனேன்.

ஒரு வருத்தமும் உண்டு. 1941இல் டிஸ்னி ஸ்டுடியோ ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் அவர் சேரவில்லை. ஆனாலும் அதைத் தொடர்ந்து வேலையை இழந்தார். படம் வெளிவந்தபோது, பின்னணி ஓவியர்கள் பட்டியலில் ஒருவராக மட்டுமே அவர் பெயர் வந்தது. முழுப் படத்தின் சூழலும் அவருடைய தூரிகையிலிருந்து பிறந்தது என்பதை உலகம் அறிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2001இல்தான் ‘டிஸ்னி லெஜண்ட்’ என்ற கௌரவம் கிடைத்தது.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. நான் வோங்கைப் பார்த்திருக்கிறேன்! யாரென்று தெரியாமலே பார்த்தேன்.

லாஸ் ஏஞ்சலிஸில் வேலைக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை சாண்டா மோனிகா கடற்கரைக்குப் போயிருந்தோம். வானத்தில் நீளமாக ஒரு பூரான் நெளிந்துகொண்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வட்டங்கள், ஒவ்வொன்றின் இருபுறமும் மெல்லிய கால்கள். கீழே தொப்பி அணிந்த மிக வயதான ஒருவர். சுற்றிலும் அவர் குடும்பத்தினர். என் மகன் வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டான். மூங்கிலைச் சீவி அந்தப் பட்டங்களை அவரே செய்வார் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அருகில் போய்ப் பேசக் கூச்சமாக இருந்தது, பேசவில்லை. 2016 டிசம்பரில் அவர் 106 வயதில் மறைந்த செய்தியோடு வந்த படத்தில் அதே பூரான் பட்டத்தைப் பார்த்தேன். இரண்டு வார்த்தையாவது பேசியிருக்கலாமே என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

*

நான் ஓவியங்களை நேரில் பார்த்ததில்லை, படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு மறுபடியும் பார்த்தேன். இரண்டு கலைமான்கள் மோதும் இடத்தில் காடே இல்லை. இருட்டில் கரிய உருவங்கள், விளிம்பில் மட்டும் கொஞ்சம் வண்ணம். தாயை இழந்த குட்டி தேடி அலையும்போது பனி கொட்டிக்கொட்டி மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துவிடுகிறது. சிறுவயதில் அந்த இடத்தில் ஏன் அப்படி அழுதேன் என்று இப்போது தெரிகிறது. குட்டி ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட மிச்சமில்லை. அக்கா, வோங் சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்தபோது அடைத்துவைக்கப்பட்ட ஏஞ்சல் தீவு சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில்தானே? போனீர்களா?

*

போனேன் தம்பி. அடுத்த வாரமே டிபுரான் என்ற கரையோர ஊரிலிருந்து படகு ஏறினேன். சீனர்கள் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் 1882 முதல் 1943 வரை இருந்தது. அதனால் வேறொருவரின் மகன் என்று காகிதத்தில் காட்டித்தான் வோங் உள்ளே வர முடிந்தது. அப்போது சுமார் பத்து வயது. அப்பாவிடமிருந்து பிரித்துத் தனியாக அங்கே அடைத்துவைத்து விசாரித்தார்கள். ஊரில் விட்டுவந்த அம்மாவை அவர் பிறகு பார்க்கவே இல்லை.

தங்கும் கூடத்தின் மரச்சுவரில், அடைபட்டவர்கள் சீன மொழியில் செதுக்கிய கவிதைகள் இன்னும் இருக்கின்றன. மேலே பூசிய வண்ணத்துக்கு அடியில் எழுத்தின் பள்ளம் விளக்கொளியில் தெரிகிறது. வெளியே வந்தபோது வளைகுடாவில் மூடுபனி இறங்கியிருந்தது. எதிர்க்கரை பாதிதான் தெரிந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து, தெரிந்த பாதியை மட்டும் வரைந்தேன்.