டாலி லைசென்ஸ் மெயில் பழைய பார்ட்னர் (டாலி விற்கும் டீலர்) கையில் மாட்டிக்கொண்டது, என்ன செய்வது?

கேள்வி: ஜவுளிக் கடை, எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை

வணக்கம். அப்பா காலத்திலிருந்து மொத்த ஜவுளி வியாபாரம். கணக்கு, பில் போட டாலி பிரைம் கோல்டு சாஃப்ட்வேர், மூன்று கம்ப்யூட்டரில் ஓடுகிறது. லைசென்ஸ் விற்ற பார்ட்னர் ஒருவர், பார்கோடு ஸ்டிக்கருக்கு டிடிஎல் (டாலிக்குள் ஓடும் கூடுதல் நிரல்) எழுதிக் கொடுத்தவர் இன்னொருவர். விற்றவர் இப்போது போனே எடுப்பதில்லை.

போன வியாழக்கிழமை சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க் போட்டு, பேக்கப்பை ஏற்றிவிட்டேன். லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்யப் போனால், மெயிலில் வர வேண்டிய அன்லாக் கீ (லைசென்ஸைத் திறக்கும் எண்) எங்களுக்கு வரவே இல்லை. பழைய பில்லைத் தேடி எடுத்தால், அக்கவுண்ட் ஐடி என்ற இடத்தில் லைசென்ஸ் விற்றவருடைய மெயில் இருக்கிறது. டாலி எஜுகேஷன் மோடில்தான் (சில தேதிகளுக்கு மட்டுமே பதிய விடும் பயிற்சி முறை) திறக்கிறது. தினப்படி பில் போட வழியில்லாமல் பில் புத்தகத்தில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) போட வேண்டும். புது பார்ட்னரோ, புது லைசென்ஸே வாங்கிவிடுங்கள் என்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: ஹார்ட்வேர் கடை, மண்ணடி

அவசரப்பட்டு வாங்காதீர்கள் சார். லைசென்ஸ் உங்கள் கடையுடையது, பார்ட்னர் விற்றுத் தருகிறவர் மட்டும்தான். எங்களுக்கும் இதே கதை நடந்தது. நேராக டாலி கம்பெனியிலேயே கேட்டோம். சீரியல் நம்பர், வாங்கிய பில், ஜிஎஸ்டி சான்றிதழ், அப்புறம் அக்கவுண்ட் ஐடியை மாற்றச் சொல்லி லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதம் கேட்டார்கள். கொடுத்ததும் மாற்றித் தந்தார்கள். கடையின் பொது மெயிலையே கொடுங்கள். கணக்குப்பிள்ளையின் சொந்த மெயிலைக் கொடுத்தால், அவர் வேலையை விட்ட அன்று மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள்.

இன்னொன்று, உங்கள் டிடிஎல் சீரியல் நம்பரோடு பூட்டப்பட்டிருக்கலாம். புது லைசென்ஸ் என்றால் புது சீரியல், அப்படிப் பூட்டியிருந்தால் அதில் பார்கோடு ஓடாது.

பதில்: கணக்காளர், தண்டையார்பேட்டை

ஜிஎஸ்டிஆர்-1-க்கு டாலி கட்டாயம் இல்லை. ஜிஎஸ்டி போர்ட்டலில் நேரடியாகவே ஏற்றலாம். நீங்கள் இ-இன்வாய்ஸ் (அரசு தளத்தில் பதிவாகும் பில்) போடுகிறவர் என்றால் அந்த பில்கள் தானாக வந்து நிற்கும், மற்ற பில்களை நீங்கள் சேர்க்க வேண்டும். இ-இன்வாய்ஸ் ஏபிஐ பாஸ்வேர்டும் (டாலி அந்தத் தளத்தோடு இணைய உதவுவது) பழைய பார்ட்னர் வைத்ததா என்று பாருங்கள்.

ஆனால் எனக்குக் கவலை இரண்டு விஷயம்தான். டாலியில் உங்கள் கடைக் கணக்குக்கு டாலி வால்ட் பாஸ்வேர்டு (கணக்கையே பூட்டும் பாஸ்வேர்டு) போட்டிருந்தால் அது உங்களுக்குத் தெரியுமா? மறந்தால் யாராலும் மீட்க முடியாது. அடுத்து, டிடிஎல்லின் டிசிபி ஃபைல் (அந்த நிரல் ஓடும் வடிவில் இருக்கும் ஃபைல்). டேட்டா பேக்கப்பில் அது வராது. மற்ற இரண்டு கம்ப்யூட்டரிலும் எஃப்1 அழுத்தி, டிடிஎல் ஆட்-ஆன் பக்கத்தைத் திறங்கள். ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்று அங்கேயே காட்டும்.

கேட்டவர்:

ரொம்ப நன்றி அண்ணே, மேடம். வால்ட் பாஸ்வேர்டு அப்பாவின் டைரியில் இருந்தது. டிசிபி ஃபைல் சர்வரோடு போய்விட்டது என்றே பயந்தேன். இரண்டாவது கவுன்ட்டர் கம்ப்யூட்டரின் டி டிரைவில் அப்படியே இருக்கிறது, இப்போது பென் டிரைவிலும் எடுத்துவிட்டேன். கடிதம் அனுப்பி, நேற்று கடை மெயிலுக்கே அன்லாக் கீ வந்தது. சாயங்காலம் வேட்டிக் கட்டுக்கு முதல் ஸ்டிக்கர் அடித்தோம், விலையும் கோடும் சரியாக விழுந்தன. டிடிஎல் எழுதியவரிடம் சோர்ஸை (திருத்தக்கூடிய மூல நிரலை) கேட்டிருக்கிறேன். அது கைக்கு வந்த பிறகுதான் புது பார்ட்னரிடம் பேசப் போகிறேன்.