கவர் சாங்குக்குத் தமிழில் என்ன?

கடலூரிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். பாட்டும் பதிப்புரிமையும் பற்றி எங்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கையேடு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒருவர் பாடி வெளிவந்த பாட்டை வேறொருவர் மறுபடி பாடிப் பதிவதற்கான ‘கவர் சாங்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். பையன்கள் கண்ட தளத்திலிருந்து குரல் இல்லாத கரோக்கி இசையைப் பதிவிறக்கி, அதன்மேல் பாடி யூடியூபில் ஏற்றிவிட்டு, “குரல் என்னோடதுதானே சார்” என்கிறார்கள். வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று என்று சட்டத்தில் தனித்தனியே இருக்கிறது. உரிமையாளர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கவர் சாங் பதிய, பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு ஒரு வழி விடுகிறது. ஆனால் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு போயிருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கு ராயல்டியும் முன்பணமாகக் கட்ட வேண்டும். இதையெல்லாம் எழுதிவிட்டேன், சொல்தான் இல்லை.

வில்லியனூரிலிருந்து:
இல்லாமல் என்ன? தொல்காப்பியர் மரபியலில் முதல்நூல், அதைப் பின்பற்றி எழுதும் வழிநூல் என்கிறார். வழிநூலையும் தொகுத்தல், விரித்தல், இரண்டும் சேர்ந்த தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்காக்குகிறார். ஆகவே முதற்பாடல், வழிப்பாடல். டப்பிங் பாட்டு நான்காம் வகை. ரீமிக்ஸ் தொகைவிரியா என்பது பற்றித் தனியே எழுதுகிறேன்.

லாசுப்பேட்டையிலிருந்து:
ஐயா, ‘வழிப்பாடல்’ என்று போட்டால் மணக்குள விநாயகர் மேல் பாடியது என்றுதான் படிப்பார்கள். கவர் சாங் என்றே இருக்கட்டும், பையன்களுக்குப் புரியும்.

வில்லியனூரிலிருந்து:
வழிபாட்டில் ஒற்று ஏது? அது ‘வழிபடு’ என்ற வினையிலிருந்து வருவது. இது வழித்துணை, வழிச்செலவு போல. ஒற்றைப் பார்க்காமல் படிப்பவனுக்காகச் சொல்லையே விட்டுவிடுவதா?

பண்ருட்டியிலிருந்து:
‘மறுபாடல்’ போதாதா? அதைவிட, பாரதி பாட்டையே பாடச் சொல்லுங்கள். 1949இலேயே அரசு உரிமையை வாங்கிவிட்டது.

கடலூரிலிருந்து:
அது வரிக்கு மட்டும்தான் அண்ணே. பின்னால் ஒருவர் போட்ட மெட்டுக்கும், அதன் ஒலிப்பதிவுக்கும் உரிமை தனியாக ஓடிக்கொண்டிருக்கும். கையேட்டில் இதையும் சேர்க்கிறேன், நன்றி. சரி, தனி மடலில் இன்னும் இருவர் ‘மறுபாடல்’ என்றார்கள். அதையே போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறியில் ‘கவர் சாங்’ என்றும் தருகிறேன். அச்சகத்தில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.

வில்லியனூரிலிருந்து:
மறு என்றால் குற்றம், களங்கம். நிலவில் இருப்பதும் மறுதான். களங்கமுள்ள பாடல் என்று மாணவர்களுக்குச் சொல்லப்போகிறீர்களா? என் பத்திரிகையில் ‘வழிப்பாடல்’தான் வரும். ரீமிக்ஸ் மடல் நாளை.