வெண்டி வாசர்ஸ்டீனின் ஹெய்டி பின்வாங்கிவிட்டாளா?

கேள்வி:
வணக்கம். முதுகலை ஆங்கில இலக்கிய மாணவி நான். அமெரிக்க நாடக ஆசிரியர் வெண்டி வாசர்ஸ்டீனின் ‘தி ஹெய்டி கிரானிக்கிள்ஸ்’ எங்களுக்குப் பாடமாக உள்ளது. கலை வரலாற்றுப் பேராசிரியை ஹெய்டியை 1965-இலிருந்து 1989 வரை பின்தொடரும் இந்நாடகம், அவள் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்துப் பாடி உறங்கவைப்பதோடு முடிகிறது. இத்தனை ஆண்டுப் பெண்ணியப் பேச்சும் கடைசியில் தொட்டிலில்தான் வந்து நிற்கிறதா?

மறுமொழி 1:
1950-இல் புரூக்ளினில் பிறந்த வாசர்ஸ்டீன், பெண்கள் மட்டுமே பயிலும் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் படித்துவிட்டு, யேல் நாடகப் பள்ளிக்குச் சென்றவர். அங்கே ஆய்வேடாகத் தொடங்கி 1977-இல் நியூயார்க்கில் மேடையேறிய ‘அன்காமன் விமன் அண்ட் அதர்ஸ்’ நாடகத்தில், முப்பது வயதில் நாம் அசத்திவிடுவோம் என்று சொல்லும் தோழிகள், நாடகம் நகர நகர அந்த வயதை நாற்பதுக்கும் பின் நாற்பத்தைந்துக்கும் தள்ளிவைக்கிறார்கள். சிரிக்க வைத்துக்கொண்டே வலியைச் சொல்வதுதான் அவர் பாணி. ஹெய்டி நாடகம் 1989-இல் புலிட்சர், டோனி ஆகிய இரண்டு விருதுகளையும் பெற்றது.

மறுமொழி 2:
முடிவுக்கு முன், 1986-இல் பிளாசா ஹோட்டலில் பழைய மாணவியர் விருந்தில் ஹெய்டி ஆற்றும் உரையைத் தயவுசெய்து மீண்டும் படியுங்கள். எழுதிவைத்த உரை எதுவுமின்றி எழுந்து நிற்பவள், உடற்பயிற்சிக் கூடத்து உடைமாற்றும் அறையில் மற்றப் பெண்களைப் பார்த்துத் தான் கூனிக்குறுகியதைச் சொல்லத் தொடங்கி, நாமெல்லோரும் சேர்ந்தே போகிறோம் என்றல்லவா எண்ணியிருந்தேன், இப்போது நட்டாற்றில் நிற்கிறேனே என்ற பொருள்பட முடிக்கிறாள். அவள் துயரம் பிள்ளையில்லாத துயரமன்று. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்ட துயரம்.

மறுமொழி 3:
நண்பர் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் மாணவியின் ஐயம் நியாயமானதே. அக்காலப் பெண்ணிய விமர்சகர்கள் சிலரும் இதே குறையைச் சொன்னார்கள். தத்தெடுப்பது பிழையன்று, அம்முடிவுக்கு அவள் வந்த வழியை மேடையில் காட்டாததே பிழை என்பது என் கருத்து. பல காட்சிகளில் அவளுடைய பழைய காதலன் ஸ்கூப் வாய் ஓயாமல் பேச, ஹெய்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தத் தத்தெடுப்பை ஆசிரியரின் சொந்தக் கதையாகவும் கொள்ள இயலாது. வாசர்ஸ்டீன் தம் 48-ஆம் வயதில், 1999-இல்தான், தனித்து நின்று ஒரு மகளைப் பெற்றார். 2006-இல் நிணநீர்ப் புற்றுநோயால் காலமானார்.

மறுமொழி 2:
ஒன்றை விட்டுவிட்டேன். தொடக்கத்தில் ஹெய்டி, பாடநூல்கள் மறந்துவிட்ட சோஃபோனிஸ்பா அங்குவிசோலா போன்ற பெண் ஓவியர்களின் படங்களைத் திரையிட்டு வகுப்பெடுக்கிறாள். இறுதியில் திரையில் வருவது, பெண் ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் கண்காட்சிப் பதாகையின் முன் மகளை ஏந்தி நிற்கும் அவளுடைய படம். ஆகவே நாடகம் தொட்டிலோடு முடியவில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அந்தப் படத்தைப் பற்றிய மேடைக்குறிப்பை வாசிக்காமலே தாண்டியிருக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் துறையில் இந்நாடகத்தை வாசித்துக் காட்டவிருக்கிறோம். படங்களைத் திரையிடும் கருவி வேண்டாமென்று நான்தான் சொல்லியிருந்தேன்.