மறுமொழி: ‘டயர் வெடிப்பு’ வேண்டாம், ‘டயர் பீறல்’ வேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வட அமெரிக்காவில் இழுவை வீடு (வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு) வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கான பாதுகாப்புக் கையேட்டுக்கு நான் அனுப்பிய சொற்பட்டியலில் ‘டயர் வெடிப்பு’ இல்லை. ஓடும்போது டயர் கிழிந்து காற்று ஒரேயடியாக வெளியேறுவதை அதில் ‘டயர் பீறல்’ என்று எழுதியிருந்தேன். அது ஏன் என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். நால்வருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ‘டயர்’ என்பதை நான் தொடவில்லை. அது தமிழாகிவிட்டது. டொராண்டோ நண்பர் ‘ரயர்’ என்று எழுதுவதும் தமிழே. என் வழக்கு அதன் பின்னால் வரும் சொல்லோடுதான்.

> ‘டயர் வெடித்து லாரி கவிழ்ந்தது’ என்று நாளிதழ் எழுதினால் எல்லோருக்கும் புரிகிறது. புரிகிற சொல்லை எதற்காக மாற்ற வேண்டும்?

புரிகிறது. ஆனால் தவறாகப் புரிகிறது. அதனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடந்த ஆண்டு ஜூலையில் ஃபீனிக்ஸிலிருந்து மேற்கே கிளம்பினோம். அன்று பிற்பகல் வெயில் 44 டிகிரியைத் தொடும் என்று அறிவித்திருந்தார்கள். விடியற்காலையில் தொலைபேசியில் பேசிய என் மாமனார், “வெயில் கடுமையாக இருக்கும் போலிருக்கிறதே மாப்பிள்ளை, காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும்” என்றார். அக்கறையோடு சொன்ன வார்த்தை. எனக்கும் அது சரியென்றே பட்டது. வெடிப்பது என்றால் உள்ளே இருப்பது மிகுந்து வெளியே பாய்வதுதானே? பலூன் அப்படித்தான் வெடிக்கிறது, பட்டாசும் அப்படித்தான். 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இருந்த நான்கு டயர்களிலும் காற்றை இறக்கி 50க்குக் கொண்டுவந்தேன்.

அரிசோனாவின் டோனோபா என்ற ஊரைத் தாண்டிய பாலைவனச் சாலையில் பின்னச்சின் இடப்பக்க டயர் போயிற்று. எனக்குத் தெரியவே இல்லை. முந்திச் சென்ற லாரிக்காரர் ஒலிப்பானை விடாமல் அழுத்திக் கையைக் காட்டியபோதுதான் கண்ணாடியில் புகையைப் பார்த்தேன். ஒதுக்கி நிறுத்தி இறங்கிப் பார்த்தால், டயரின் மேற்பட்டை முழு நீளத்துக்கும் கிழிந்து, சுழன்ற வேகத்தில் சக்கரக்குழியின் தகட்டை அடித்துப் பிய்த்திருந்தது. பிரேக்குக்குப் போகும் கம்பி அறுந்து தொங்கியது. சமையல் வாயுக் குழாய் ஒரு சாண் தள்ளி இருந்ததால் தப்பித்தோம். வண்டிக்குள் என் மகள்கள் இருவரும் இருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

பிறகு எடைமேடையில் ஏற்றிக் கணக்குப் போட்டேன். எங்களுடைய டயர் எஸ்டி 225/75 ஆர் 15, சுமை வரிசை டி. எஸ்டி என்பது இழுவை வண்டிகளுக்கென்றே செய்யப்படும் டயர் வகை, சுமை வரிசை அது தாங்கும் எடையின் தரம். இந்த அளவு டயர் 65 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 1,150 கிலோ தாங்கும், 50இல் 975 கிலோதான். இரண்டு அச்சுகளின் மேலும் சேர்த்து எங்கள் வீட்டின் எடை 3,800 கிலோ. நான்கு டயர்களுக்கும் சமமாகப் பிரிந்தாலே ஒன்றுக்கு 950. ஆனால் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இடப்பக்கம் இருக்கின்றன. பீறியதும் இடப்பக்க டயர்தான். போதாக்குறைக்கு, சாலைப் பலகை 75 மைல் என்றது, நான் 70இல் போனேன். பக்கச்சுவரில் வேறு வேகக்குறி இல்லாத எஸ்டி டயர்களுக்கு 65 மைல்தான் எல்லை. எங்களுடையதில் குறி எதுவும் இல்லை.

டயர் உள்ளே என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல் அங்கேதான் பிறக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் தரையில் படும் இடத்தில் கூடுதலாக அமுங்குகிறது. அமுங்கும்போது பக்கச்சுவர் மடங்குகிறது, எழும்போது நிமிர்கிறது. 110 கிலோமீட்டர் வேகத்தில் இது நிமிடத்துக்குச் சுமார் 800 தடவை நடக்கிறது. ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சுடுவதைப்போல ரப்பரும் ஒவ்வொரு மடிப்பிலும் சூட்டைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சூட்டில், உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும் எஃகுப் பட்டைகளின் பிடிப்பு ஓரத்திலிருந்து தளர்கிறது, மேற்பட்டை பிரிகிறது. மிஞ்சிய உடல் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் கிழிகிறது, அந்தக் கிழிசல் வழியே காற்று ஒரே மூச்சில் வெளியேறுகிறது. நமக்குக் கேட்கும் சத்தம் இந்தக் கடைசி நொடியுடையது. அதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரத்தில் டயர் ஓசையில்லாமல் செத்துக்கொண்டிருந்தது.

சூட்டில் அழுத்தம் ஏறுவது உண்மைதான். ஏறக்குறைய ஐந்தரை டிகிரி செல்சியசுக்கு ஒரு பிஎஸ்ஐ என்பது பொதுவான கணக்கு. சற்று அதிக அழுத்தமுள்ள இந்த டயர்களில் அதைவிடக் கொஞ்சம் கூடும். ஆனால் அந்த ஏற்றத்தை எதிர்பார்த்தே தயாரிப்பாளர்கள் குளிர்நிலை அழுத்தத்தைக் குறிக்கிறார்கள். வண்டி கிளம்புவதற்கு முன், வெயில் படாத நேரத்தில் அளந்து அந்த எண்ணுக்கு நிரப்ப வேண்டும். வழியில் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது. ‘வெடிப்பு’ என்ற சொல் இதற்கு நேர் எதிரான மருந்தை நம் கையில் கொடுத்துவிடுகிறது. நோயின் பெயர் தவறாக இருந்தால் மருந்தும் தவறாகத்தான் போகும்.

இரண்டாவது காரணம், தமிழில் வெடிப்பு என்பது விரிசலுக்கும் பெயர். பித்தவெடிப்பு, கோடையில் காய்ந்த வயலின் வெடிப்பு, பருத்திக்காய் வெடிப்பது எல்லாம் சத்தமில்லாதவை. டயரிலும் அப்படி ஒன்று உண்டு. மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் இழுவை வீட்டின் டயரில், பக்கச்சுவர் ரப்பர் காய்ந்து மெல்லிய கோடுகளாகப் பிளந்திருக்கும். அதை நாம் இயல்பாகவே ‘வெடிப்பு’ என்போம், அது நல்ல சொல். ‘டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பயணத்துக்கு முன் பாருங்கள்’ என்று கையேட்டில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் ‘வெடிப்பு ஏற்பட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள்’ என்றும் எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? ஆகவே வெடிப்பு என்பதை அந்தக் கோடுகளுக்கே விட்டுவிடலாம்.

> பஞ்சர் என்றே சொல்லிவிடலாமே.

கூடாது. பஞ்சர் என்றதும் நம் மனத்தில் ‘ஒட்டுவது’ வந்துவிடுகிறது. ஆணி குத்திய துளையை ஒட்டலாம், உடலே கிழிந்த டயரை ஒட்ட முடியாது. மேலும் பஞ்சர் ஆன டயர் காற்றை மெல்ல விடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் அதுவே கிழிவதில் போய் முடியும். ஒன்று தொடக்கம், மற்றொன்று முடிவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இடையில் தடுப்பதற்கு இருக்கும் நேரம் கண்ணில் படாமல் போய்விடும்.

‘தகர்வு’ என்று கோவை அம்மா முன்மொழிந்ததை நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். தகர்வது கல், சுவர், கண்ணாடி போன்ற இறுகிய பொருள்கள். டயர் நூலும் கம்பியும் ரப்பரும் சேர்த்து நெய்தது போன்ற ஒன்று, அது கிழியத்தான் முடியும். ‘உருளிப்பட்டைச் சிதறல்’ என்பது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சாலையோரத்தில் நின்று உதவி கேட்பவர் வாயில் அது நுழையாது.

பீறு என்ற வினைக்கு வருகிறேன். துணி பீறுவது கிழிவது. தமிழ் விவிலியத்தில் காட்டு விலங்கு கிழித்தது ‘பீறுண்டது’ என்றே வருகிறது. இன்னொரு பக்கம், ஊற்று பீறிடுகிறது, இரத்தம் பீறிடுகிறது, அழுகை பீறிடுகிறது. அடைபட்டிருந்தது ஒரே வேகத்தில் வெளியே பாய்வதைச் சொல்ல நமக்கு இதைவிடக் கூர்மையான சொல் கிடையாது. டயரில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன: உடல் பீறுகிறது, காற்று பீறிடுகிறது. கிழிவது முதலில், பாய்வது அதன் விளைவு என்ற வரிசையையும் சொல் தன்னிடமே வைத்திருக்கிறது. வினையாக அது எளிதில் வளைகிறது: டயர் பீறியது, பீறிய டயர், பீறாமல் காப்பது. பெயராக மட்டும் நின்றுபோகும் கலைச்சொல் பேச்சில் பிழைப்பதில்லை என்பது என் நெடுநாள் எண்ணம்.

முதல் எழுத்தின் ஒலியைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று ஒருவர் தயங்கியிருந்தார். பீர்க்கங்காயும் பீடமும் பீரங்கியும் அந்த ஒலியோடுதான் நம்மிடையே இருக்கின்றன. இதை ஒரு தடையாக நான் கருதவில்லை.

அடுத்து, மேற்பட்டை பிரிவதற்கு நான் ‘தடவுரிவு’ என்று எழுதியிருந்தேன். அது ‘தடவு’ என்று கண்ணில் படுகிறது என்று டொராண்டோ நண்பர் சுட்டியது முழுக்கச் சரி, திருத்திக்கொள்கிறேன். மரத்தில் பட்டை உரிகிறது, டயருக்குள்ளும் இருப்பவை பட்டைகள்தான். எனவே ‘பட்டையுரிவு’. நெடுஞ்சாலை ஓரங்களில் நீளநீளமாகக் கிடக்கும் கருப்புத் துண்டுகளை இங்குள்ள லாரி ஓட்டுநர்கள் முதலை என்கிறார்கள். அவை உரிந்த பட்டைகள்.

பீறல், பட்டையுரிவு என்று இரண்டு சொற்கள் தேவையா என்ற கேள்விக்கு 2000ஆம் ஆண்டு விடை சொல்கிறது. அந்த ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் இருந்தவை. அங்கே குறையாகச் சொல்லப்பட்டது மேற்பட்டை பிரிவது, அதாவது பட்டையுரிவு. அதனால்தான் அதற்குத் தனிப்பெயர் வேண்டும். ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ குறைவு, 30 வேண்டும் என்பது ஃபயர்ஸ்டோனின் வாதங்களில் ஒன்று. அங்கும் காற்றுக் குறைவு பேச்சானது என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் விளைவாகத்தான் கார்களிலும் சிறு வண்டிகளிலும் காற்றழுத்த உணரி கட்டாயமானது. இழுவை வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. இழுக்கும் வண்டியின் விளக்கு பெரும்பாலும் தன் டயர்களைப் பற்றி மட்டுமே சொல்லும், பின்னால் வருபவற்றை அது அறியாது. எனக்கு லாரிக்காரர் சொல்லித் தெரிந்தது அதனால்தான். டயரில் காற்றடிக்கும் ஊசிவாயில் திருகி மாட்டும் உணரிகள் தனியாகக் கிடைக்கின்றன. கையேட்டில் அதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வயதைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். நாம் மொட்டை டயரைக் கண்டால் அஞ்சுகிறோம், பட்டை தடிமனாக இருந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். இழுவை வீட்டின் டயர் பெரும்பாலும் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடுகிறது. பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு எண்களைப் பார்க்க வேண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நான்கைந்து ஆண்டுகள் கடந்தால் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது.

பீறினால் செய்ய வேண்டியதற்கான வரைவு இது. திருத்துங்கள்: ‘பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். திசைமாற்றியை இரு கைகளாலும் நேராகப் பிடியுங்கள். முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வீடு ஆடினால், அதன் பிரேக்கை மட்டும் இயக்கும் கைப்பிடியை மென்மையாக அழுத்துங்கள். வேகம் தணிந்தபின் அகலமான ஓரத்தில் ஒதுங்குங்கள். போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்குங்கள்.’ டயரை மாற்றியபின் 80 கிலோமீட்டர் தொலைவில் நிறுத்தி, சக்கர மரைகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

இன்னும் ஒரு சொல்லில் எனக்கு நிறைவு வரவில்லை. இரட்டை அச்சு வண்டியில் ஒரு டயர் பீறினால், அதே பக்கத்தில் அடுத்திருக்கும் டயர் அந்த முழுச் சுமையையும் ஏற்றுக்கொண்டு ஓடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே காயப்பட்டிருக்கும். அதையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்வதற்கு அந்த டயருக்கு ஒரு பெயர் வேண்டும். ‘இணை டயர்’ என்று எழுதினால் மறுபக்க டயர் என்று எண்ணிவிடுவார்கள் என அஞ்சுகிறேன். மாட்டுவண்டி, ஏர் பூட்டிய அனுபவமுள்ள வீடுகளில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: பக்கத்து மாடு படுத்துவிட்டால் பாரம் முழுவதையும் தாங்கும் மாட்டுக்கு ஏதாவது பெயர் இருந்ததா?

அன்புடன்,
கையேட்டுக் குழுவிலிருந்து